இடம் மாறிய மணிக்கூண்டு

வூஸ்டர், மார்ச் 1912

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீதிமன்றப் படம் சேதமின்றி வந்து சேர்ந்தது. அச்சுப்படத் தொழிலைக் கைவிட்டு நியூயார்க்கிலிருந்து வீடு திரும்பும்படி நான் எழுதியதற்கு இதுவே உன் பதில் என்று கொள்கிறேன்.

அதை எங்கள் வக்கீல் அலுவலகத்தில் பிரித்தபோது என் கூட்டாளி பிக்கரிங் உடனிருந்தார். “என்னய்யா இது, மணிக்கூண்டு இடப்பக்கம் போயிடுச்சு! உம்ம பொண்ணு நம்ம கோர்ட்டையே திருப்பிப் போட்டுட்டாளே!” என்று சிரித்தார். குளிர்காலத்தில் இங்கு வந்திருந்தபோது பனியில் நின்று, கண்ணால் கண்டபடியே செப்புத் தகட்டில் கீறியிருக்கிறாய்; அச்சில் வலம் இடமாகிவிட்டது. அப்பிழையைச் சுட்டிக்காட்டவே பேனாவை எடுத்தேன்.

இயலவில்லை. அன்றாடம் நுழையும் கட்டடம் திரும்பி நின்றதால் பழக்கம் உதவவில்லை. முதன்முறையாக அதைப் பார்க்க நேர்ந்தது. தூண்கள் வானம்வரை எழுந்திருந்தன. படியேறும் மனிதர்கள் அவற்றின் நிழலுக்குள் அடங்கிப் போயிருந்தனர். நம்மை நாடி வருவோர் இவ்வளவு அஞ்சியா ஏறுகிறார்கள்?

பிக்கரிங்கின் சிரிப்பு நின்றிருந்தது. “ஏன்யா, அந்தப் பாதிப் படியில நின்னுட்ட அம்மா... நம்ம கட்சிக்காரியா இருக்குமோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

வீடு திரும்பும்படி விடுத்த கோரிக்கையை, எந்த நிபந்தனையும் இன்றி, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வியப்பு நீங்காத,
உன் தந்தை