சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

பாப்பிரெட்டிப்பட்டி,
மார்கழி மாதம், 1939.

அண்ணனுக்குத் தம்பி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. பண்டிகைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே ராகி அறுப்பு நடக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு ஓட்டப்பந்தயத்துக்கா இத்தனை வீம்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் நடந்த அந்த மூன்று மைல் ஓட்டத்தில் நான் தோற்றிருந்தால் வீம்பே இல்லை. முதலில் வந்தவன் நான். வளைவில் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்தேன் என்று என்னை நீக்கினார்கள். கால் வைத்தது நிஜம்தான். எனக்கு நேர் முன்னால், அதே பந்தயத்தில் ஓடிய நீங்கள், ஒரு சுற்று பின்தங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தீர்கள். நம் ஊர் ஒற்றையடிப் பாதையில் மூத்தவரை இடித்துக்கொண்டா போவோம்? ஒதுங்கி இறங்கினேன்.

யாராவது வழியை அடைத்திருந்தால் குற்றமில்லை என்று நடுவரே சொன்னார். அதற்காகத்தான் அப்பீலில் உங்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் மாமனார் பக்கத்தில் நின்றார். தம்பியிடம் ஒரு சுற்று பின்தங்கியதை அவர் எதிரில் ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனசு வரவில்லை.

"அவன் எனக்காக ஒண்ணும் ஒதுங்கலீங்க. எம் பின்னாலதான் வந்தான்" என்றீர்கள். அப்பீலைத் தள்ளிவிட்டார்கள்.

ஜெயித்தவனை அனுப்புவதாக இருந்த மெட்ராஸ் பந்தயத்துக்கு இரண்டாவதாக வந்தவன் போனான். அந்த ஓட்டத்தின் பேரில் வேலை கிடைத்து இப்போது போலீசில் இருக்கிறான். நான் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டுகிறேன்.

நீங்கள் சொன்னதே இருக்கட்டும் அண்ணா. நீங்கள் முன்னாலேயே போங்கள். நான் பின்னால் வருகிறேனா என்று மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டவன்