சிவப்புத் தொப்பி நாய்

அன்பு அர்செனியோவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நம் மகள் டாலியா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம். மணிலாவில் மழை விட்டபாடில்லை.

பள்ளியில் ஒரு வேடிக்கை. இணையத்தில் எச்சரிக்கையாக இருப்பது பற்றி என் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெரிய படம் செய்கிறார்கள். போனில் மட்டும் பழகிய நண்பரை வீட்டிலேயே வரைந்துவரச் சொன்னேன். இன்று தாள்களைச் சேர்த்து ஒட்டினால், ஐந்து தாள்களில் ஒரே படம்: சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளை நாய்.

"ஏய், என்னோடதப் பாத்து காப்பி அடிச்சியா?" என்று ஜோமர் எகிறினான்.

"போடா! இவரு என் ஃப்ரெண்டு. கேம்ல அவரு படம் இதான். வைரம் குடுப்பாரு. வீட்ல சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள் லுவிங்.

மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

இன்னொன்று. டாலியா எனக்கு வரைந்து அனுப்பிய நாய்ப்படம் கட்டிலருகே ஒட்டியிருக்கிறது. அதற்கும் சிவப்புத் தொப்பி. பக்கத்து வீட்டு நாய் என்றல்லவா நினைத்திருந்தேன்! அவளைத் திட்டாமல் கேளுங்கள்.

நம் ஊர்ப் படகைப் பிடிக்கப் பெனிட்டோ கிளம்புகிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மதியத்திலிருந்து உங்கள் போனுக்கு அடிக்கிறேன், வேறு அழைப்பில் இருப்பதாகவே வருகிறது; யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். போன் உங்களிடம்தானே இருக்கிறது?

உங்கள் ரோவேனா