உன் முகத்தில் விழுந்த புள்ளிகள்

இன்று காலை ஆய்வுக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஸ்பிரிட் மணத்தது. ஒவ்வொருவரும் போட்டுக் கழற்றியதும் அதன் மூக்குப்பிடியை நீதான் பஞ்சால் துடைப்பாய். இப்போது நான் துடைக்கிறேன். உன்னளவுக்குப் பொறுமை எனக்கு இல்லை.

போட்டிருப்பவரின் கண் எங்கே போகிறதென்று குட்டிக் கமராக்களால் பிடித்து, திரையில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் கண்ணாடி அது. ரோபோ பிழை விடும்போது மனிதர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் கம்பஸில் நாமிருவரும் எடுத்துக்கொண்ட ஆய்வு. கூடப் படிப்பவர்களை வைத்தே செய்து முடிப்போம் என்றேன் நான். “அவங்கள் இதெல்லாம் கண்டு பழகினவங்கள். எங்கட சனத்துக்குக் காட்டுவம்” என்றாய் நீ.

அப்படித்தான் எங்கள் ஊரான தாழ்வுபாட்டின் மண்டபத்துக்கு வந்தோம். கருவாட்டைப் பெரிது சிறிதாகப் பிரித்துக் கூடைகளில் போடும் அந்த ரோபோக் கை, நான் மாதக்கணக்கில் இருந்து செய்தது. இடையிடையே வேண்டுமென்றே பிழை விடவும் நானே அதைப் பழக்கியிருந்தேன். நீ செய்ததெல்லாம் வந்தவர்களை வாங்கோ என்று கூப்பிட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, மேசையின் மறுபக்கத்தில் என்னருகே நின்றது. இருவரும் முகத்தை அசைக்கக் கூடாது என்பது விதி.

கை ஒரு கருவாட்டைத் தவறவிடும். பார்ப்பவரின் கண் முதலில் கருவாட்டுக்குப் போகும். பிறகு கைக்கு. அடுத்து உன் முகத்துக்கு. கடல்தொழிலுக்குப் போகிறவர், மீன் காயப்போடுகிறவர், கடைக்காரர், எல்லோரும் அப்படியே. மாலையில் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், மீனில் இலையான் மொய்த்ததுபோல உன் முகம் முழுக்கப் புள்ளிகள். என் முகம் வெறுமையாய்க் கிடந்தது.

“நீ நிக்கிற இடம் சரியில்ல. மாறி நிப்பம்” என்றாய். மறுநாள் மாறி நின்றோம். புள்ளிகளும் உன்னோடு மாறி வந்தன.

அன்று அம்மாவும் வந்தா. அம்மாவாவது என்னைப் பார்ப்பா என்று நம்பியிருந்தேன். கை பெரிய கருவாட்டைச் சின்னக் கூடையில் போட்டது. அம்மாவின் கண் நேரே உன்னிடம் போனது. சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏனம்மா என்னைப் பாக்கேல்லை?”

“உன்னைப் பாத்தால் நான்தான் பிழை விட்ட மாதிரிக் கிடக்கு. இந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தால் பரவாயில்லை எண்டு கிடக்கு.”

நீ தலை குனிந்துகொண்டு சாப்பிட்டாய். மீனின் நடுத்துண்டை அம்மா உனக்குப் போட்டா. எனக்கு வால்துண்டு. அதையும் கவனித்தேன்.

யந்திரம் பிழை விட்டால் மனிதர் தேடுவது விளக்கத்தை அல்ல, பயப்படத் தேவையில்லை என்று சொல்லும் இன்னொரு முகத்தை என்று ஆய்வறிக்கையில் எழுதினாய். பேராசிரியர் அந்த வரியைத்தான் மெச்சினார். ரோபோக் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிறகு உன் இரத்தத்தில் நோய் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் ரிப்போட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தபோது, நீ அவரைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த உன் உம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். அத்தனை நாள் ஆசைப்பட்ட பார்வை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“மூஞ்சிய உப்பிடி வைக்காதடி. நான் பயந்துடுவன்” என்றாய் மெதுவாக.

உன் ஊர் சிலாவத்துறையில், அடக்கத்துக்கு எடுக்கும் முன் உன் மையத்தைப் பார்க்க அம்மாவும் நானும் வந்தோம். உன் உம்மாவைக் கட்டிக்கொண்டு அம்மா அழுத அழுகையைப் பார்த்து, எனக்கென்றால் இப்படி அழுவாவா என்று யோசித்தேன். அங்கேயும் அதைத்தான் யோசித்தேன்.

இப்போது மேசையருகில் தனியே நிற்கிறேன். இன்று பாப்பாமோட்டையிலிருந்து வயல் செய்யும் ஒரு பெண் வந்திருந்தார். கை கருவாட்டைத் தவறவிட்டதும் என்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, “அது பழகீடும் பிள்ளை, யோசியாதேங்கோ” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவர் போனபின் திரையைப் பார்த்தேன். என் முகத்தில் புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. சந்தோசமாகத்தான் இருந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தால் அவர் உன்னைத்தான் பார்த்திருப்பார் என்று தோன்றும்வரை.

இந்தப் பொறாமை இன்னும் போகவில்லையடி. போக விடவும் எனக்கு மனமில்லை.