கூடு நன்றாகத் தெரிந்த படம்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வசந்தம் வந்து, கொல்லை மரமெல்லாம் துளிர்த்துவிட்டது.

நான் அனுப்பிய குருவிக்கூட்டுப் படத்தை நம் தையல் கடையில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். படம் தெளிவாக விழவேண்டும் என்று, கூட்டை மறைத்திருந்த இலைகளை நான்தான் கிள்ளினேன். மறுநாளே காக்கை பார்த்துவிட்டது. நாலு குஞ்சில் ஒன்றும் மிஞ்சவில்லை. காலையில் எனக்கிருந்த பேச்சுத்துணை அவைதான். நான் இலை கிள்ளியதைப் பார்த்திருந்த வீட்டுக்கார அம்மா, "படம் நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லவேண்டாம். இலைகளோடு எடுத்த முதல் படம் இருக்கிறது, அனுப்புகிறேன். அதில் கூடே தெரியாது. அதை மாட்டுவீர்களா அப்பா?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்