வசந்தி டீச்சரின் லேப்டாப்

வியாழக்கிழமை, இரவு.

வசந்தி டீச்சர் காலையில் என் சர்வீஸ் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தார். அடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் உசிலம்பட்டியில் வீடு பார்த்துவிட்டாராம்.

"அந்தப் பேச்செல்லாம் இதுலதாண்ணே இருக்கு. வேற யாரும் படிக்க முடியாதுல்ல? பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மெசேஜ் ஆப்பின் ஃபோல்டரை என் கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன். பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் திறந்துகொண்டது, புது வீட்டு முகவரி வரை. ஆப் செய்தவர்கள் மெசேஜ்களைப் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியையும் அதே ஃபோல்டரில் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தனியாக, பாஸ்வேர்டுக்குள் வைத்திருக்க வேண்டாமா?

பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை இதே லேப்டாப்போடு அவர் புருஷன் வந்திருந்தார். "எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக் குடு மாப்ள" என்றார். அந்த ஃபோல்டரையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்தது நான்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்கள். டீச்சர் போன் இன்னும் சுவிட்ச் ஆஃப்.