மணல் மூட்டையில் ஒரு பெயர்

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா, சிம்ரா, நான் மூவரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனசைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். தினமும் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாராவது உங்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். "டெஸ்ட் ரெடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உங்களுக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. நம் ஊருக்கான மெட்ரோ ரயில்கள் முடிந்தாலும், அடுத்து இன்னொரு ஊருக்குச் செய்யப்போகும் ரயில்களுக்காக மேலும் இரண்டு வருஷம் அந்த ஆலையிலேயே இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். யோசித்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. லஸ் பக்கம் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பஸ் நிற்கும் இடம் மறுபடியும் மாறிவிட்டது. மாமா காலையில் டீ குடித்ததும் கிளம்பிப்போய், தகரத் தடுப்பின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். அங்கே இவரைப் போல ரிட்டயர் ஆனவர்கள் நாலைந்து பேர் கூடுகிறார்களாம். "இதுல ஓடப்போற வண்டிய எம் புள்ளதான் சரி பாக்கறான்" என்று சொல்லியே அவர்களுக்கு மேஸ்திரி ஆகிவிட்டார். தெருமுனை ஆட்டோக்காரர்கூட என்னைப் பார்த்து, "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரர் வண்டி எப்பதான் வரும்? அது வந்துச்சுன்னா என் பொழப்பு இன்னா ஆவறது?" என்று கேட்கிறார். எல்லோருக்கும் வண்டி எப்போது வரும் என்றுதான் கவலை. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்பவள் நான் ஒருத்திதான்.

சிம்ரா பள்ளிக்கூடத்தில், "எங்க அத்தா ரயில்ல டிரைவரே கெடையாது" என்று பெருமையடித்தாளாம். அப்படியானால் உங்க அத்தா அங்கே என்னதான் செய்கிறார் என்று ஒரு பெண் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை. தானாக ஓடுவதற்கு அதற்குக் கற்றுக்கொடுக்கிறார் என்றேன். "எனக்கு சைக்கிள் கத்துக்குடுக்க மட்டும் வரலியே" என்றாள். நான் இட்லித் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் ரயிலின் மேல் பொறாமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். தினமும் நந்தனத்தில் ஏறி ஆலந்தூரில் மாறி ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசுக்குப் போகிறேனே, அந்த ரயிலில் கதவு மூடும் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. இது பழைய வண்டி, உங்களைக் கொண்டுபோனது இதன் தங்கச்சி என்று தெரியும். இருந்தாலும் அந்தக் குடும்பமே எனக்கு ஆகாது. நான் ஜுரத்தில் படுத்திருந்த வாரம், "மாத்திரை போட்டியா?" என்று ஒரு கேள்வியோடு முடித்துக்கொண்டீர்கள். அதே வாரம் ரயிலில் ஒரு கதவு திறக்க அடம்பிடிக்கிறது என்று அரை மணி நேரம் புலம்பினீர்கள். பிரேக் பிடித்தால், "பூ மாதிரி நின்னா ஷாகிரா!" என்கிறீர்கள். நின்னாளாம்! எனக்கு ஒரு நாள் அப்படிச் சொன்னதுண்டா?

இது போதாதென்று அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் அனுப்பினீர்கள். ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால், ஆட்களின் கனத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்ப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். எல்லோரும் ரயிலைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்கள். நான் மூட்டைகளைப் பார்த்தேன். கதவுப் பக்கத்து சீட்டில் ஒரு மூட்டை. அதன்மேல் கறுப்பு மார்க்கரில் 'வர்ஷினி' என்று ஒரு பெயர். உங்கள் கையெழுத்து. 'ஷ'வை அப்படி வளைத்து எழுதுவது என் பெயருக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் பெயர் எந்த மூட்டையிலும் இல்லை. கேவலம் ஒரு மணல் மூட்டைக்காக எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய் என்று கேட்டீர்களே, தலைவலி என்று சொன்னேனே, அது இதுதான்.

போன வெள்ளிக்கிழமை, உங்களோடு வேலை பார்க்கும் அந்த வர்ஷினியே வந்தாள். லீவில் மாட வீதியில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தவள், நீங்கள் கொடுத்தனுப்பிய பையைக் கொண்டுவந்தாள். வருகிறாள் என்று தெரிந்ததும் நான் பெருநாள் சேலையைக் கட்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவளோ கசங்கின சட்டையில் வந்து, நேராகத் தரையில் உட்கார்ந்து சிம்ராவோடு விளையாட ஆரம்பித்துவிட்டாள். டீ கொடுத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல மூட்டையைப் பற்றிக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, அது தண்டனை! யாரால டெஸ்ட்டைத் திரும்பப் பண்ண வேண்டியிருக்கோ, அவா பேரை மூட்டைல எழுதி, அவாளே தூக்கிண்டு போய் சீட்ல வைக்கணும். என் கணக்குத் தப்பால வண்டி பிளாட்பாரக் கதவைத் தாண்டிப் போய் நின்னுடுத்து. சார்தான் எழுதினார். எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு" என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் வயிறார டீ குடித்தேன்.

ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. நீங்கள் இப்போது படிக்கக் கண்ணாடி போடுகிறீர்களாம். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறீர்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் தக்காளி சாதம் செய்து போடுகிறீர்களாம். இங்கே உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன்! நான் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மூட்டையில் பெயர் எழுதினால்கூடப் பரவாயில்லை. என் புருஷனைப் பற்றி இன்னொருத்தி எனக்குச் சொல்லித் தருவதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் நல்ல பெண். அதனால் கோபப்படவும் வழியில்லை.

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பெரிய மனசு அக்கா. இன்னும் ரெண்டு வருஷம்னதும் எங்காத்துல அம்மா ஒரே அழுகை, நான் இன்னும் முடிவே பண்ணலை. சார் மீட்டிங்லயே எழுந்து, என் வீட்ல சரின்னுட்டாங்கன்னு சொல்லிட்டார். நாங்கள்லாம் கைதட்டினோம்" என்றாள்.

நான் எப்போது சரி என்றேன், மச்சான்?

மாமா ஈஸிசேரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் அவளிடம், "ஆமாம்மா, சொன்னேன்" என்றேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் முன்னால் உங்களைப் பொய்யராக்க எனக்கு மனசு வரவில்லை. இதுவும் பொறாமைதான் போலிருக்கிறது. உங்களிடம் குறை கண்டுபிடிக்கிற உரிமையைக்கூட அவளோடு பங்கு போட எனக்கு இஷ்டமில்லை.

இப்போது என் பதில். வேண்டாம், மச்சான். நம் ஊர் ரயில் வரும்போது நீங்களும் வந்துவிடுங்கள். என் பெயரைச் சொல்லித்தானே ஒத்துக்கொண்டீர்கள், அதே பெயரைச் சொல்லி இல்லை என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டில் மனசு மாறிவிட்டாள், பொறாமைக்காரி, என்னை வரவழைக்காமல் விடமாட்டாள் என்று எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படி இல்லை, அந்த வேலை வேண்டும்தான் என்றால் லீவு போட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நீங்கள் அப்படிக் கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேளுங்கள்.

நீங்கள் ஓட்டிப் பார்க்கும் ரயிலில் ஏறப்போகிற அத்தனை பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். அவர்களுக்கெல்லாம் முன்னால் நீங்கள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் சரி என்று சொல்லாத
உங்கள் ஷாகிரா