அப்பா ஏலம் கேட்காத ஞாயிறு

நாகர்கோவில்,
1936 நவம்பர் 12.

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லபாய் எழுதுகிறேன். தேவ கிருபையால் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாவும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். கட்சிக்காரனைக் காட்டிக்கொடுத்த வக்கீலின் வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்றவள். உங்களைப்போல் சட்டம் படிக்கவில்லை. ஆனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மாலை வைகுண்டராஜன் முதலாளி வந்தார். அப்பா பதினாறு வருஷமாக வக்கீலாக இருந்த கோட்டாற்று பேங்கின் டைரக்டர் அவர். பேங்கு ஆட்டம் கண்டுவிட்டது என்று கடைத்தெருவில் பேச்சு. பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் முதல் மட்டி வாழைக்குலையை வருஷந்தோறும் அப்பாதானே முதலில் கேட்பார், இந்த முறை இரட்டி விலைக்கு எடுத்தால் சபையாருக்குப் பேங்கின்மேல் தைரியம் வரும் என்றார். கோர்ட்டுக் காரியத்துக்குத்தான் நான் உங்கள் வக்கீல் என்று சொல்லி அப்பா அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் லேஸ் பின்னும் பூங்கனி அக்கா வந்தாள். மகள் கல்யாணத்துக்கு அவள் சேர்த்ததெல்லாம் அந்த பேங்கில் இருந்தது. அது அங்கே கிடக்கலாமா என்று கேட்டாள். பேங்கின் வக்கீல் அந்தக் காரியம் பேசக்கூடாது என்றார் அப்பா.

"நான் வக்கீலுகிட்ட கேக்கல்ல. சபைக் கமிட்டி செக்ரட்டரிகிட்ட கேக்கேன், ஐயா" என்றாள்.

அப்பா தலை குனிந்தபடி இருந்தார். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் குலையைத் தூக்கிப்பிடித்து விலை கேட்டார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. வக்கீலையாவுக்குப் பழம் திகட்டிப்போச்சோ என்று உபதேசியார் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் நேசையன் மாமா பாதி விலைக்கு எடுத்தார்.

திங்கட்கிழமை காலை பேங்கு வாசலில் ஒரே கூட்டம். பூங்கனி அக்கா முதல் ஆளாகத் தன் பணத்தை வாங்கிவிட்டாள். புதன்கிழமை பேங்கை அடைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை பூதப்பாண்டியிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேண்டியவர்களுக்கு மட்டும் சாடை காட்டினீரே என்று நம் வாசலில் நின்று ஏசினார்கள். அப்பா உள்ளே வராமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சபைக் கமிட்டியிலிருந்தும் பெண்பள்ளிக்கூடப் போர்டிலிருந்தும் விலகிவிட்டார். இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அவர் பேங்கு ரகசியத்தைப் பூங்கனி அக்காவிடம் சொன்னதாக முதலாளி ஹைகோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். டிசம்பர் நான்காம் தேதி திருவனந்தபுரத்தில் விசாரணை. வக்கீல் சன்னது போனால் அப்பா இனி எந்தக் கோர்ட்டிலும் ஏற முடியாது. இங்குள்ள வக்கீல்கள் யாரும் அவருக்காகப் பேச முன்வரவில்லை.

ஏன் அப்பா குலையைக் கேட்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "கையைத் தூக்கியிருந்தா அந்தக் கை பொய் சொன்னதாயிருக்கும், மக்களே" என்றார்.

சனிக்கிழமை அவர் பூங்கனி அக்காவிடம் என்ன சொன்னார் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. வந்து சொல்லட்டுமா என்றேன். பெண்பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்தமாட்டேன் என்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இப்போதும் அப்படித்தான். ஆனாலும் சொல்வேன். ஏலத்தைப் பற்றிக் கேட்டால் அதையும் உள்ளபடி சொல்வேன். அது அப்பாவுக்கு நல்லதாகுமா கெட்டதாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா சொல்லை மீறித் தனியே போக என்னால் முடியாது. நீங்கள் வந்து கூட்டிப்போனால் தடுக்கமாட்டார். அவருக்காக நீங்கள் வாதாட வேண்டாம். அவர் செய்தது சரி என்றும் சொல்ல வேண்டாம். நான் பேசும்போது எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள், அண்ணா. வழியெல்லாம் கர்த்தர் உங்களோடு இருந்து வீடு சேர்ப்பாராக.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
செல்லபாய்.